கோமதி சொன்னதும் நான் சொன்னதும்

எங்கள் ஆலோசனை நிலையத்துக்கு இப்போது காக்கநாட்டில் புதுக் கட்டடம் இருக்கிறது. அங்கே வேலை பார்க்கிற இரண்டு பெண்கள் போன மாதம் மட்டாஞ்சேரியில் என் வீட்டைத் தேடி வந்தார்கள். எர்ணாகுளத்துக்குப் பிழைக்க வந்திருக்கிற தமிழ்க் குடும்பங்களுக்காக ஒரு மலர் போடுகிறார்களாம். புருஷன் பெண்டாட்டியை உட்கார வைத்துப் பேசுகிற வேலையில் பழைய ஆட்களின் அனுபவம் வேண்டுமாம்.

"அம்மச்சி அந்தக் காலத்துல சேத்து வச்ச ஒரு ஜோடியைப் பத்திச் சொல்லணும்" என்றாள் ஒருத்தி.

சேர்த்து வைத்தவை உண்டு. அவற்றைச் சொல்ல எனக்கு வாய் வலிக்காது. ஆனால் இவர்கள் புதிதாக இந்த வேலைக்கு வந்தவர்கள். ஒரு ஜோடியை உட்கார வைக்கலாமா, வேண்டாமா என்று இவர்கள்தான் இனி முடிவு செய்ய வேண்டும். அதனால் உட்கார வைத்திருக்கக் கூடாத ஒரு ஜோடியைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். பெயரெழுதுவேன், பஸ் போர்டு படிப்பேன், அதற்குமேல் வராது. நான் சொல்லச் சொல்ல அடுத்த வீட்டு ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் எழுதுகிறார். ஒவ்வொரு பக்கத்தையும் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்கிறேன். அழகுக்காக அவர் சேர்த்ததையெல்லாம் அடிக்கச் சொல்கிறேன். அவருக்குக் கோபம்தான். இருக்கட்டும்.

என் பெயர் பேச்சியம்மாள். அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து பஜார் ரோட்டில் மூட்டை சுமந்தார். நான் பிறந்தது மட்டாஞ்சேரியில். என் வீட்டுக்காரர் சீக்கிரமே போய்விட்டார். எழுபதுகளின் கடைசியில், பெண்கள் சேர்ந்து நடத்திய ஒரு சங்கத்தார் ஒரு பழைய பாண்டிகசாலையின் மாடியில் குடும்ப ஆலோசனை நிலையம் திறந்தார்கள். கீழே மிளகும் சுக்கும் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். மேலே இரண்டு அறைகள். கூட்டித் துடைக்க, சாயா போட என்று என்னை எடுத்தார்கள்.

அங்கே எல்லாமே டீச்சர்தான். கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், மலையாளி, கல்யாணம் செய்துகொள்ளாதவர். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலைதான் எப்போதும். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் பென்சில் சீவுவார். கோபம் பெரிதென்றால் பென்சில் சின்னதாகும்.

வேலை தொடங்கி ஒரு வருஷம் இருக்கும். சுக்குக் கிடங்கில் வேலை செய்கிற ஒரு தமிழ்ப் பெண் வந்து அழுதாள். டீச்சருக்குப் பாதித் தமிழ் புரியும். வேகமாகவோ குரலைத் தாழ்த்தியோ பேசினால் ஒன்றும் புரியாது. சாயாக் கிளாஸோடு நின்ற என்னைப் பார்த்து, "பேச்சியம்மே, இவள் என்ன சொல்றான்னு எனக்குச் சொல்லு" என்றார். சொன்னேன். அன்றிலிருந்து தமிழ் ஆட்கள் வந்தால் விளக்குமாற்றை வைத்துவிட்டு உள்ளே போய் உட்காருவேன். எனக்கென்று ஒரு முக்காலி போட்டார்கள். அந்த முக்காலியில் உட்காரும்போது எனக்கு இருந்த தலைக்கனத்தை இப்போது மறைத்து என்ன ஆகப் போகிறது? மட்டாஞ்சேரித் தமிழ் ஆட்களின் வீட்டுச் சங்கதியெல்லாம் என் வாய் வழியாகத்தான் போக வேண்டும் என்பது எனக்குப் பெரிய பதவியாக இருந்தது.

வந்தவளுக்கு மலையாளம் தெரிந்தாலும் தமிழிலேயே பேசச் சொல்வார் டீச்சர். வீட்டுச் சங்கடத்தை வீட்டில் பேசுகிற பாஷையில்தான் சொல்ல முடியும் என்பார்.

டீச்சரின் முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். ஒருத்தி படியேறி வந்ததும் புருஷனைக் கூப்பிட்டு இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்துவிட மாட்டார். முதல் நாள் அவள் சொல்வதைக் கேட்பார். போகும்போது, "அவருக்குக் கார்டு போடட்டுமா? போட்டால் உனக்கு வீட்டில் தொந்தரவு வருமா?" என்று கேட்பார். வரும் என்றால் கார்டு கிடையாது. வராது என்றால், "குடும்பக் காரியம் பேச வேண்டும், ஒரு நாள் வரவும்" என்று ஒரே வரி. இரண்டாம் நாள் அவன் மட்டும். மூன்றாம் நாள் மறுபடி அவள் மட்டும். அன்றைக்குத்தான் ரோட்டுப் பக்க ஜன்னலைச் சாத்தச் சொல்வார். சாயா கொடுத்து, அவள் குடித்து முடிக்கும் வரை பேச மாட்டார். பிறகு சாதாரணமாகக் கேட்டுக்கொண்டு வருவார். காலையில் யார் முதலில் எழுந்திருப்பீர்கள்? கடைசியாக இரண்டு பேரும் சேர்ந்து எதற்குச் சிரித்தீர்கள்? எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக இரண்டு கேள்வி.

"அவர் வீட்டுக்குள் வரும் சத்தம் கேட்டால் நீ என்ன செய்வாய்?"

"உன்மேல் கை நீட்டியிருக்கிறாரா?"

அவள் போன பிறகு ரெஜிஸ்டரைத் திறந்து சிவப்புப் பென்சிலால் ஒரு வார்த்தை எழுதுவார். ஒன்று 'இருவர்', இல்லையென்றால் 'தனி'. 'இருவர்' என்றால் நான்காம் நாள் இரண்டு நாற்காலி. 'தனி' என்றால் அந்த இரண்டு பேரையும் ஓர் அறையில் சேர்க்கவே மாட்டார். அவளுக்கு வேறு வழி பார்ப்பார்.

"அடி உண்டெங்கில் ரெண்டு கசேரயில்ல" என்று எனக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். அடி இருக்கும் வீடென்றால் இரண்டு நாற்காலி கிடையாது. ஏனென்று நான் ஒரு தடவை கேட்டேன். "இங்கே என் முன்னால் அவள் வாய் திறந்து சொல்வதற்கு, அங்கே வீட்டில் நான் இல்லாதபோது அவள் பதில் சொல்ல வேண்டியிருக்கும், பேச்சியம்மே" என்றார்.

இரண்டு நாற்காலி போட்டு நன்றாக முடிந்த ஒன்றையும் சொல்கிறேன், இல்லையென்றால் இந்த வேலையே சங்கடம் என்று நினைப்பீர்கள். ஹோட்டலில் சமையல் வேலை பார்த்த ஒருவர், அவர் மனைவி. ஆறு மாதமாகப் பேச்சில்லை.

"ஊருக்கெல்லாம் சாம்பார் வைக்கிற பெரிய ஆளு. என் சாம்பாரை மோந்து பாத்துட்டு எந்திரிச்சுப் போறாரு. நான் என்ன வெசத்தையா வச்சேன்?" என்றாள் அவள்.

"நாள் பூரா அந்த வாசனையிலதான் கெடக்கேன் டீச்சர். வீட்டுக்கு வந்தா கஞ்சியும் ஒரு துவையலும் போதும்னு இருக்கு."

"இத வாயத் தொறந்து எங்கிட்டச் சொன்னா முத்தா உதிர்ந்துரும்?"

"நீ பேசவிட்டாத்தான."

நான் ஒரு வார்த்தை விடாமல் மலையாளத்தில் சொன்னேன். டீச்சர், "எனக்கு அந்தச் சாம்பாரைக் கொண்டுவந்து தாருங்கள், நான் சாப்பிடுகிறேன். அவருக்குக் கஞ்சி கொடுங்கள்" என்றார். அந்த அம்மாள் நிஜமாகவே தூக்குவாளியில் கொண்டுவந்து கொடுத்தாள். டீச்சர் உறைப்பில் கண்ணீர் விட்டுக்கொண்டே சாப்பிட்டார்.

இப்படி நாலைந்து நன்றாக நடந்ததும் தமிழ் ஆட்களிடம் என் பெயர் பரவியது. கோயில் கமிட்டிக்காரர்கள்கூட என்னைக் கண்டால் நின்று பேசினார்கள். அதே சமயத்தில் வேறு ஒன்றும் நடந்தது.

நிலையத்தில் சரளா என்று ஒரு டைப்பிஸ்ட் இருந்தாள். மாதக் கடைசியில் ரெஜிஸ்டரைப் பார்த்து சங்கத்துக்கு அறிக்கை அடிப்பது அவள் வேலை. ஒரு மாதம் 'தனி' என்று நாலு பேர். பேர்களைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"பேச்சியம்மே, நாலும் உங்க ஆளுகளாக்கும். உங்க ஊர்ல தாலியோட சேத்து ஒரு கம்பும் எடுத்துக் கொடுப்பாங்களா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கெட்ட பெண் இல்லை அவள், எனக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரை வாங்கித் தருகிறவள்தான். ஆனால் அன்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவள் ஆட்களிடம் அடி இல்லையா? உண்டு. அவர்கள் வெளியே தெரிந்துவிடும் என்று இந்தப் படி ஏற மாட்டார்கள், அவ்வளவுதான். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில், நான் தமிழ்ப் பிள்ளை என்பதைக் கேலி செய்து 'பாண்டி, பாண்டி' என்று பின்னால் கத்திக்கொண்டு வருவார்கள். அதற்குப் பயந்தே நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். அந்தச் சத்தம் அன்று திரும்பக் கேட்டது. இனி என் வாயால் எங்கள் ஆள் ஒருவனும் அந்த ரெஜிஸ்டரில் அடிக்கிறவன் என்று ஏறக் கூடாது என்று மனதுக்குள் வைராக்கியம் வைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

அதற்கு மூன்று வாரம் கழித்துத்தான் கோமதி வந்தாள்.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். வந்து ஐந்து வருஷம். சுக்குக் கிடங்கில் தோல் சீவுகிற வேலை. அவள் உள்ளே வந்தாலே சுக்கு வாசனை வரும். ஒரு பெண் குழந்தை. புருஷன் இசக்கிமுத்துவுக்குச் செர்லாயில் இஸ்திரிக் கடை. எனக்கு அவனைத் தெரியும். சட்டையில் ஒரு மடிப்பு இருக்காது. எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி, "அக்கா சொகமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவான். கோயில் கொடைத் திருவிழாவில் அன்னதானப் பொறுப்பு அவனுக்குத்தான்.

முதல் நாள் கோமதி அதிகம் பேசவில்லை. "மனசு ஒத்துப் போகல, அக்கா" என்று மட்டும் சொன்னாள். கார்டு போடலாம் என்றாள். இரண்டாம் நாள் அவன் வந்தான். செருப்பை வாசலிலேயே விட்டான். கேட்டதற்கெல்லாம் மரியாதையாகப் பதில் சொன்னான். கடை, குழந்தை, அம்மாவுக்கு ஊருக்கு அனுப்ப வேண்டிய பொறுப்பு என்று எல்லாவற்றையும் அவனே நல்ல மலையாளத்தில் சொன்னான். அவன் போன பிறகு சரளாகூட, "நல்ல மனுஷன்" என்றாள். எனக்கு என் தம்பியைப் பாராட்டியது போல இருந்தது.

மூன்றாம் நாள். ஜன்னலைச் சாத்தினேன். கோமதி சாயா குடித்தாள். டீச்சர் வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்து, அந்தக் கேள்விக்கு வந்தார். நான் தமிழில் கேட்டேன்.

"அவரு வீட்டுக்குள்ள வர்ற சத்தம் கேட்டா நீ என்ன செய்வே?"

கோமதி தலையைக் குனிந்துகொண்டாள். "தெரு முக்குல சைக்கிள் மணி கேட்டதும் புள்ளையக் கொண்டு பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்துருவேன்க்கா. அது பாக்கக் கூடாதுல்லா."

டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். நான் சொன்னேன்: "அவர் அலுத்துப்போய் வருவார், சத்தமில்லாமல் இருக்கட்டும் என்று குழந்தையைப் பக்கத்து வீட்டில் விடுவாளாம்."

டீச்சர் எழுதிக்கொண்டார். அடுத்த கேள்வி.

"சாத்துவாக. மாசத்துல ரெண்டு மூணு தரம்" என்றாள் கோமதி. குரல் உள்ளே போய்விட்டது. "போன தரம் தலையச் செவுத்தோட சேத்து…"

சாத்துவது என்றால் போட்டு அடிப்பது. அந்தப் பேச்சு டீச்சருக்குத் தெரியாது. தெரியாது என்பது எனக்குத் தெரியும்.

நான் சொன்னேன்: "கோபம் வந்தால் சத்தம் போடுவாராம். கை நீட்டியதில்லையாம்."

இப்படி ஒரே மூச்சில் எப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. முன்கூட்டி யோசித்து வைத்த மாதிரி வந்தது. கோமதி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சாயாக் கிளாஸை எடுத்து வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தாள். அவளுக்கு மலையாளம் தெரியாது என்று நானே முடிவு செய்துகொண்டிருந்தேன். ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

டீச்சர் எப்போதும் செய்வது போல வேறு வார்த்தையில் இன்னொரு தரம் கேட்டார். அதற்கும் நான் அதையே சொன்னேன். அவள் போன பிறகு டீச்சர் சிவப்புப் பென்சிலால் 'இருவர்' என்று எழுதினார். எழுதும்போது என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

நான்காம் நாள் இரண்டு நாற்காலி போட்டது நான்தான். எதிரெதிராகப் போடக் கூடாது, கொஞ்சம் சாய்வாகப் போட வேண்டும். பெண்ணின் நாற்காலி கதவுப் பக்கம் இருக்க வேண்டும். அப்படியே போட்டேன். இசக்கிமுத்து குழந்தைக்கு வாங்கிய பலூனோடு வந்தான்.

டீச்சரின் தொடக்கம் எப்போதும் ஒன்றுதான். ஒருவர் மற்றவரிடம் இந்த வாரத்திலிருந்து செய்யக் கேட்கிற ஒரு சின்னக் காரியத்தைச் சொல்ல வேண்டும். பெரிதாகக் கேட்கக் கூடாது, முடிகிற காரியமாக இருக்க வேண்டும்.

"அவ கிடங்குல இருந்து வந்ததும் மூஞ்சக் கழுவிட்டு, சிரிச்ச மொகமா ஒரு சாயா தந்தா போதும் டீச்சர். வேற என்ன வேணும் மனுசனுக்கு" என்றான் அவன்.

கோமதியின் முறை வந்தது. அவள் அவனைப் பார்க்கவில்லை, டீச்சரையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"இனிமே சாத்தாம இருந்தா போதும்க்கா. புள்ள முன்னாலயாவது."

அவன் நாற்காலி அசையவில்லை. டீச்சர் என் வாயைப் பார்த்துக் காத்திருந்தார். அந்த இடத்திலாவது நான் நிறுத்தியிருக்கலாம். 'டீச்சரே, கொஞ்சம் வெளியே வாருங்கள்' என்று ஒரு வார்த்தை போதும். நான் சொன்னது இது: "குழந்தை முன்னால் சத்தம் போடாமல் இருந்தால் போதும் என்கிறாள்."

டீச்சருக்குச் சந்தோஷம். அவனைப் பார்த்து, "முடியும்தானே?" என்றார்.

"தீர்ச்சயாயிட்டும்" என்றான். நிச்சயமாக முடியும் என்று. சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் எனக்கு ஒரு நன்றி இருந்தது. அந்த அறையில் நடந்தது இன்னதென்று மூன்று பேருக்குத் தெரியும். டீச்சர் ஒருவருக்குத்தான் தெரியாது.

மறுபடி வரச் சொல்லியிருந்த வெள்ளிக்கிழமை அவர்கள் வரவில்லை. கிடங்கிலிருந்து வந்த பெண்கள் சொன்னார்கள். இரண்டு நாற்காலி போட்ட அன்றைக்குச் சாயங்காலமே, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும், "ஊர்க்காரி முன்னால என்னத்த சொன்ன? திரும்பச் சொல்லு" என்று கேட்டுக் கேட்டு அடித்திருக்கிறான். இடது காதில் ரத்தம் வந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். அந்தக் காது இனி கேட்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

டீச்சர் பென்சில் சீவவில்லை. பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். "என் கேள்வியில் எங்கே பிழை?" என்று மலையாளத்தில் அவருக்கே சொல்லிக்கொண்டார். நான் துடைத்த தரையையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் கழித்துக் கோமதி வந்தாள். தோப்பும்படியில் அக்காள் வீட்டில் இருந்தாள். காதில் பஞ்சு. டீச்சர் எழுந்துபோய் அவளைக் கூட்டிவந்து உட்கார வைத்தார். ஜன்னலைச் சாத்தினேன். முக்காலியில் உட்கார்ந்தேன். டீச்சர் என்னிடம் சொன்னார்:

"கேள், பேச்சியம்மே. அன்றைக்கு நான் கேட்டபோது கை நீட்டியதில்லை என்று சொன்னாயே, ஏன் சொன்னாய் என்று கேள். நான் கேட்ட விதத்தில் பயந்துவிட்டாளா என்று கேள். கடிந்து கேட்காதே. எனக்குத் தெரிய வேண்டும்."

இதை நான் தமிழில் அவளிடம் கேட்க வேண்டும். உண்டு என்று சொன்னவளிடம், இல்லை என்று ஏன் சொன்னாய் என்று. என் வாயாலேயே கேட்டேன்.

கோமதி என்னைப் பார்த்தாள். பிறகு என்னை விட்டுவிட்டு டீச்சர் பக்கம் திரும்பினாள். தடுமாறித் தடுமாறி, ஆனால் மலையாளத்தில் சொன்னாள்:

"ஞானாணு டீச்சரே பறயாதிருந்நது. நாணக்கேடு கொண்டு."

நான்தான் சொல்லவில்லை டீச்சர், வெட்கத்தால்.

இவளுக்கு மலையாளம் தெரியும். அப்படியென்றால் நான் மாற்றிச் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் இவள் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

"இவளுக்கு மலையாளம் அறியுமோ?" என்று டீச்சர் கேட்டார்.

"கொஞ்சம் அறியும் போல" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

'மனைவி முதலில் மறைத்தார்' என்று டீச்சர் ரெஜிஸ்டரில் எழுதினார். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவது அவர் வழக்கம், அதனால் தெரியும். பொய்க்காரி என்ற பட்டம் அவளுக்குப் போயிற்று. நான் கிளாஸைக் கழுவப் போனேன்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் நான் வேலைக்குப் போனேன், வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே போயிருக்கும், கமிட்டிக்காரர்கள் வராதிருந்தால்.

மூன்று பேர் வந்தார்கள். முன்னால் வந்தவர் பலசரக்குக் கடை அண்ணாச்சி, கமிட்டியில் பெரிய ஆள். கோமதியை வீட்டுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும், டீச்சர் இன்னொரு தரம் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேச வேண்டும் என்று கேட்க வந்திருந்தார்கள். டீச்சர் உள்ளே வேறு ஆளோடு இருந்தார். கோமதியும் அக்காளோடு வந்து வெளி பெஞ்சில் காத்திருந்தாள். அண்ணாச்சி அவளைப் பார்க்காதவர் போல என்னைத் தனியே ஜன்னல் பக்கம் கூப்பிட்டார்.

"இசக்கி எல்லாம் சொன்னான், பேச்சி. ஒரு பொம்பளைக்கு எவ்வளவு புத்தி இருக்கணும். மலையாளத்தான் முன்னால நம்ம மானத்தக் காப்பாத்திட்டியே. கமிட்டியில பேசிக்கிட்டோம், இந்தக் கொடைக்கு ஒனக்குப் பரிவட்டம் கட்டணும்னு."

பக்கத்தில் நின்றவர், "இப்பவும் நீதான் உள்ள இருக்கே. அதுபோலச் சொல்லி விட்டுரு. அவ அடிக்கலன்னு சொன்னதாத்தான எழுத்துல இருக்கும்" என்றார்.

நான் வாழ்நாள் முழுக்க ஆசைப்பட்டது அந்தப் பாராட்டு. எங்கள் ஆட்கள் என்னைப் பெரிய மனுஷி என்று சொல்ல வேண்டும் என்று. அது வந்தபோது நான் பெஞ்சுப் பக்கம் பார்த்தேன். கோமதி நல்ல காதை எங்கள் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தாள்.

டீச்சர் கதவைத் திறந்து எல்லாரையும் உள்ளே கூப்பிட்டார். அண்ணாச்சி பேச ஆரம்பித்தார். நான் முக்காலியில் உட்காரவில்லை. நின்றுகொண்டே மலையாளத்தில் சொன்னேன். அந்த மூன்று பேருக்கும் நன்றாக விளங்கும்.

"டீச்சரே, இவள் மறைக்கவில்லை. மூன்றாம் நாளும் சொன்னாள், நான்காம் நாளும் சொன்னாள். நான்தான் மாற்றிச் சொன்னேன்."

அண்ணாச்சி, "ஏ பேச்சி, என்ன பேசுத" என்றார்.

டீச்சர் அவரைப் பார்க்கவே இல்லை. ரெஜிஸ்டரைத் திறந்தார். "கேள்வியிலிருந்து தொடங்கு. அவள் சொன்னதைத் தமிழிலேயே சொல். பிறகு அர்த்தம் சொல்" என்றார். சொன்னேன். சைக்கிள் மணி, பக்கத்து வீடு, சுவர், எல்லாம். பழைய எழுத்தை அடிக்காமல் அதற்குக் கீழே எழுதினார். எழுதி முடித்து என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். என் பெயர் எழுத எனக்கு நேரமாகும். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு டீச்சர் சிவப்புப் பென்சிலால் 'தனி' என்று எழுதி, கமிட்டிக்காரர்களிடம், "இரண்டு நாற்காலி இல்லை. போய்வரலாம்" என்றார்.

எல்லாரும் போன பிறகு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"இதற்கு முன்னால் எத்தனை பேர், பேச்சியம்மே?"

இவள் ஒருத்திதான் என்று சொல்ல வாயெடுத்தேன். முழுசாக மாற்றியது இவள் ஒருத்திக்குத்தான். ஆனால் அதற்கு முன்னும் அங்கங்கே ஒரு சொல்லை மழுக்கியிருக்கிறேன், ஒரு கெட்ட வார்த்தையை விட்டிருக்கிறேன், கேட்பவர் எங்களைக் குறைவாக நினைக்கக் கூடாதே என்று. எத்தனை என்று எனக்கே கணக்கில்லை. "தெரியவில்லை" என்றேன்.

அடுத்த ஒரு மாதம் டீச்சர், தமிழ் தெரிந்த ஒரு கன்னியாஸ்திரியைக் கூட்டிக்கொண்டு, நான் முக்காலியில் உட்கார்ந்த அத்தனை வீட்டுக்கும் நடந்தே போய்த் திரும்ப விசாரித்தார். வைப்பினுக்குக்கூடப் படகில் போனார். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. முக்காலியை மட்டும் எடுத்துவிட்டார். பிறகு அந்தக் கன்னியாஸ்திரிதான் வந்தார், அவருக்கு நாற்காலி. நான் ஓய்வு பெறும் வரை கூட்டினேன், துடைத்தேன், சாயா கொடுத்தேன். ஜன்னலைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிடுவேன். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உண்மையைச் சொன்னவள் என்று மீதிப் பேர் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கோமதி அக்காள் வீட்டிலேயே இருந்துகொண்டு குழந்தையை வளர்த்தாள், கிடங்கு வேலையையும் விடவில்லை. டீச்சரைப் பார்க்க மாதம் ஒரு தடவை வருவாள். ஒரு நாள் அவள் படியிறங்கும்போது நான் படியைக் கழுவிக்கொண்டிருந்தேன். மனதில் கிடந்ததை அன்றுதான் கேட்டேன்.

"அன்னைக்கே உனக்கு வெளங்கிச்சுல்ல கோமதி? நான் மாத்திச் சொன்னது?"

"வெளங்கிச்சுக்கா."

"அப்ப ஏன்ட்டி பேசாம இருந்த?"

அவள் நல்ல காது என் பக்கம் வரும்படி ஒரு படி இறங்கி நின்றாள்.

"நான் என்னத்தக் கண்டேன். நீங்க எத்தன வருசமா அங்க இருக்கிய. அந்த ரூமுக்குள்ள அப்படிச் சொல்லப்புடாது போல, சொன்னா கேஸ எடுக்க மாட்டாக போல, அதான் அக்கா மாத்திச் சொல்லுதாகன்னு நெனச்சேன். பெறகு தனியா டீச்சருக்கு நீங்க வெளங்க வச்சிருவியன்னு இருந்தேன். டீச்சர் திரும்பக் கேட்டப்பவும் ஒங்க பேச்ச மாத்திரக் கூடாதுன்னுதான் என்மேல போட்டுக்கிட்டேன்."

அவளிடம் கோபம் இல்லை. ஏதோ ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்கிற மாதிரி முகம். பிறகு கேட்டாள்.

"அப்ப, டீச்சர்கிட்ட நானே நேராச் சொல்லியிருக்கலாமாக்கா?"

"சொல்லியிருக்கலாம்" என்றேன்.

"ஓ" என்றாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஈரப் படியில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து இறங்கிப் போனாள்.